டேவிட் கேசிடி: திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

பழைய அமெரிக்கப் பாப் பாடல்களைப் பற்றி நண்பர்களோடு பேச உட்கார்ந்தால், டேவிட் கேசிடியின் பெயர் வந்ததும் பேச்சு ஒரே தடத்தில் போய்விடும். "டிவியில வாயசைச்ச பையன்தானே?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "கடைசியில குடிச்சே செத்துட்டாராமே" என்று இன்னொருவர் முடித்துவிடுவார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ 50 வருட உழைப்பு இருக்கிறது. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு அவர் குரல் மிகவும் பிடிக்கும். அதனால் இதுவரை காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, தெரிந்த பதில்களை ஓரிடத்தில் வைக்கிறேன்.

"யாருங்க இவர்? நான் பேரே கேள்விப்பட்டதில்லையே."

அமெரிக்க நடிகர், பாடகர். 1950 ஏப்ரல் 12 அன்று நியூயார்க்கில் பிறந்தார். 1970 முதல் 1974 வரை ஏபிசி தொலைக்காட்சியில் ஓடிய 'தி பார்ட்ரிட்ஜ் ஃபேமிலி' தொடரில், பாட்டுப் பாடும் ஒரு குடும்பத்தின் மூத்த மகன் கீத் பார்ட்ரிட்ஜாக நடித்தார். அந்த நாலு வருடத்தில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று பல நாடுகளில் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளின் படுக்கையறைச் சுவர்களில் அவர் படம்தான். பிறகு மேடை நாடகம், இசைத்தட்டு, லாஸ் வேகாஸ் நிகழ்ச்சிகள் என்று வேலை செய்துகொண்டே இருந்தார். 2017 நவம்பர் 21 அன்று ஃபுளோரிடாவில் காலமானார். வயது 67.

"டீன் ஐடல்னு சொல்றீங்களே, இளம் வயசுல நடிச்சா எல்லாரும் டீன் ஐடல்தானா?"

இல்லை. அது கிட்டத்தட்ட ஒரு தனித் தொழில். இளம் நடிகர் என்றால் அவர் நடிப்பைப் பார்க்கிறோம். டீன் ஐடல் என்றால் 10 வயதிலிருந்து 14, 15 வயது வரையுள்ள பிள்ளைகள் முதன்முதலாக யாரையோ நினைத்து ஏங்குகிறார்களே, அந்த ஏக்கத்துக்கு ஒரு முகம் கொடுப்பவர். அந்த வயதுக்கென்றே அமெரிக்காவில் '16', 'டைகர் பீட்' மாதிரிப் பத்திரிகைகள் இருந்தன. அவருக்குப் பிடித்த நிறம் எது, காலையில் என்ன சாப்பிடுவார், எப்படிப்பட்ட பெண்ணைப் பிடிக்கும் என்று மாதாமாதம் எழுதுவார்கள். உள்ளே பெரிய வண்ணப்படம் இருக்கும்.

கேசிடி விஷயத்தில் இந்த இயந்திரத்தின் எல்லாச் சக்கரமும் ஒன்றாகச் சுற்றியது. வெள்ளிக்கிழமை இரவு தொடரில் பாட்டு வரும். மறுநாள் இசைத்தட்டுக் கடையில் அதே பாட்டு இருக்கும். பள்ளிக்குக் கொண்டுபோகும் மதிய உணவுப் பெட்டியில் அவர் முகம், பபுள்கம் வாங்கினால் உள்ளே அவர் படம் போட்ட அட்டை, அப்புறம் சித்திரக்கதைப் புத்தகம். தொடரில் 16 வயதுப் பையனாக வந்தவருக்கு அப்போது நிஜத்தில் 20 வயது. இந்த நாலு வருட இடைவெளியைக் கவனித்தாலே பின்னால் நடந்த பலதும் புரியும்.

"அப்பா நடிகர், சித்தி பெரிய நடிகை. சிபாரிசுல வந்தவர்தானே?"

அப்பா ஜாக் கேசிடி, நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில், நாடகத்துக்கான டோனி விருது வாங்கிய நடிகர், பாடகர். அம்மா ஈவ்லின் வார்டும் நடிகை. அதனால் வசதியாக வளர்ந்திருப்பார் என்று நினைக்கத் தோன்றும். அம்மா அப்பா இருவரும் நாடகக் குழுக்களோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்ததால், நியூ ஜெர்சியில் வெஸ்ட் ஆரஞ்ச் என்ற ஊரில், அம்மாவைப் பெற்ற தாத்தா பாட்டியிடம்தான் வளர்ந்தார். பெற்றோர் விவாகரத்து செய்துகொண்ட செய்தி அவருக்கு வீட்டில் சொல்லித் தெரியவில்லை. அது நடந்து ரொம்ப நாள் கழித்து, தெருவில் கூட விளையாடிய பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்தது. இதை அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அப்பாவின் அன்புக்கும் அங்கீகாரத்துக்கும் அவர் கடைசிவரை ஏங்கியது அங்கிருந்து தொடங்கியது என்றுதான் எனக்குப் படுகிறது.

1969 ஜனவரியில் ஒரு பிராட்வே இசை நாடகத்தில் முதல் வேடம். அது நாலே காட்சிகளோடு நின்றுபோனது. ஆனால் அதைப் பார்த்த ஒருவர் மூலம் திரைச் சோதனைக்கு அழைப்பு வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் போனார். 'பொனான்சா', 'ஆடம்-12', 'மார்கஸ் வெல்பி' போன்ற தொடர்களில் ஒரு வாரம், ஒரு வேடம் என்று நடித்தார். நோயாளி, வழி தவறிய பையன் மாதிரியான கனமான வேடங்கள். அப்பாவின் பெயர் கதவைத் தட்ட உதவியிருக்கலாம். தேர்வுக்குப் போய் நின்று நடித்துக் காட்டியது அவர்தான்.

"ஷெர்லி ஜோன்ஸ் நிஜத்துலயும் அவருக்கு அம்மாவா?"

சித்தி. தொடரில் அம்மாவாக வந்த ஷெர்லி ஜோன்ஸை 1956-இல் ஜாக் கேசிடி மணந்தார். ஷெர்லி ஆஸ்கர் வாங்கிய நடிகை. வேடிக்கை என்னவென்றால், இந்தத் தொடருக்குத் தேர்வு நடந்தபோது ஷெர்லியும் வருகிறார் என்று டேவிடுக்குத் தெரியாது. டேவிடுக்கு ஷான், பாட்ரிக், ரயன் என்று மூன்று தம்பிகள், சித்தி வழியில்.

"சரி, நேரா கேக்கறேன். பாட்டெல்லாம் அவரே பாடினாரா, இல்ல யாரோ பாட இவர் வாயசைச்சாரா?"

அவரே பாடினார். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சந்தேகம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. முதல் திட்டப்படி நடிகர்கள் யாருமே பாடுவதாக இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் தொழில்முறைப் பாடகர்கள் பாடிவிடுவார்கள், நடிகர்கள் வாயசைத்தால் போதும். ஷெர்லி ஜோன்ஸ் மட்டும் ஏற்கெனவே பெயர் பெற்ற பாடகி என்பதால் அவர் குரலும் சேரும். கீத் வேடத்துக்கு டேவிடை எடுத்தபோது அவர் பாடுவாரா என்று யாருக்கும் தெரியாது. தன்னால் பாட முடியும் என்று இசைத் தயாரிப்பாளர் வெஸ் ஃபாரலிடம் அவரே போய்ப் பாடிக் காட்டினார். முதலில் பதிவான சில பாடல்களில் குழு பாடகர்களின் குரல்தான் முன்னால் நிற்கும். அதற்குப் பிறகு முதன்மைக் குரல் முழுக்க அவருடையது.

இன்னொரு விஷயம். ஆரம்பப் பாடல்கள் சிலவற்றில் ஒலிநாடாவைக் கொஞ்சம் வேகப்படுத்தி, அவர் குரலை இன்னும் சின்னப் பையன் குரல் மாதிரி ஆக்கினார்கள். அவருக்கு அது அறவே பிடிக்கவில்லை. அதனால்தான் பழைய பாட்டையும் பின்னால் மேடையில் பாடியதையும் அடுத்தடுத்துக் கேட்பவர்களுக்கு "வேற ஆள் குரல் போலிருக்கே" என்று தோன்றுகிறது. ஆள் ஒருவர்தான். மூச்சுக்காற்று கலந்த, காதருகே வந்து பேசுகிற மாதிரியான அந்தக் குரலை யாரும் செய்து தரவில்லை.

"அப்ப அந்தக் குடும்ப இசைக்குழு உண்மையிலேயே இருந்துச்சா?"

இல்லை. கதைக்கு முன்மாதிரி மட்டும் உண்டு. அம்மாவும் பிள்ளைகளும் சேர்ந்து பாடிய 'கௌசில்ஸ்' என்ற நிஜக் குடும்பக் குழுவைப் பார்த்துத்தான் தொடரை உருவாக்கினார்கள். தயாரித்த ஸ்கிரீன் ஜெம்ஸ் நிறுவனத்துக்கு இது புதிதும் இல்லை. 1966-இல் தொலைக்காட்சித் தொடருக்காகவே சேர்த்த 'மங்கீஸ்' குழுவை வைத்து இதே வழியில் வெற்றி கண்டிருந்தார்கள்.

தொடரில் கிட்டாரும் டிரம்ஸும் வாசித்த பிள்ளைகள் வாசிப்பது போல நடித்தார்கள். நடிகர்களில் டேவிடும் ஷெர்லியும் மட்டுமே பாடினார்கள். இசைத்தட்டில் வாசித்தவர்கள் டிரம்ஸில் ஹால் பிளெய்ன், பேஸ் கிட்டாரில் ஜோ ஆஸ்போர்ன், கீபோர்டில் லாரி நெக்டல் போன்றவர்கள். அந்தக் காலத்து லாஸ் ஏஞ்சலஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் அவர்கள் கை படாத ஹிட் பாடல் குறைவு. 'ரெக்கிங் க்ரூ' என்று பின்னால் பெயர் பெற்ற கூட்டம் இதுதான். பின்னணிக் குரல்களில் ரான் ஹிக்லின், ஜான் பாலர், டாம் பாலர், ஜாக்கி வார்ட் இருந்தார்கள். "பிள்ளைகளுக்கான பாட்டு" என்று ஒதுக்குபவர்கள் ஒருதரம் பாட்டை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

"ஒரே ஒரு நம்பர் ஒன் பாட்டுதான் கொடுத்தாராமே?"

அமெரிக்காவில் மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும். டோனி ரோமியோ எழுதிய 'ஐ திங்க் ஐ லவ் யூ' 1970 நவம்பர் 21 தேதியிட்ட பில்போர்டு பத்திரிகையின் பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்து மூன்று வாரம் அங்கேயே இருந்தது. அதுவும் பார்ட்ரிட்ஜ் ஃபேமிலி பெயரில். தனிப்பெயரில் வந்தவற்றில் 'செரிஷ்' 1971-இல் 9-ஆம் இடம் வரை போனது.

பிரிட்டனில் கதையே வேறு. அங்கே 'ஹவ் கேன் ஐ பி ஷ்யூர்' 1972-இலும், 'டேட்ரீமர்' 1973-இலும் முதலிடம். 1973-இல் ஒரு ஆல்பமும் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவில் அவர் மவுசு குறையத் தொடங்கிய பிறகும் பிரிட்டனில் அவர்தான் உச்சத்தில் இருந்தார். அங்குள்ளவர்கள் அவரைத் தொடரின் ஒரு பாத்திரமாகப் பார்க்காமல் பாடகராகப் பார்த்தார்கள் என்பது என் எண்ணம். தொடருக்குத்தான் அமெரிக்காவில் நாலாம் வருடம் அடி விழுந்தது. வெள்ளியிலிருந்து சனிக்கிழமைக்கு மாற்றி, அப்போது நாட்டிலேயே அதிகம் பார்க்கப்பட்ட 'ஆல் இன் தி ஃபேமிலி'க்கு எதிரே ஒளிபரப்பினார்கள். 96 அத்தியாயங்களோடு 1974 மார்ச்சில் முடிந்தது.

"அவருக்கு அந்தப் பாட்டெல்லாம் பிடிக்கவே பிடிக்காதாமே?"

பாதி உண்மை. அவர் தனக்காகக் கேட்டது ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், பி.பி. கிங், எரிக் கிளாப்டன் போன்ற ராக், புளூஸ் கிட்டார் கலைஞர்களை. அந்த மனசோடு வந்தவரிடம் 12 வயதுப் பிள்ளைகளுக்கான பாட்டைக் கொடுத்தார்கள். 1971-இல் 'டஸன்ட் சம்படி வான்ட் டு பி வான்டட்' பாட்டில், நடுவே இசை மட்டும் ஓட, அவர் உருகி உருகிப் பேச வேண்டும் என்றார்கள். முடியாது என்று மறுத்தார். படப்பிடிப்பே நின்றது. கடைசியில் வேறு வழியில்லாமல் பேசிக் கொடுத்தார். வெளியிட வேண்டாம் என்று கேட்டும் பார்த்தார். வெளியிட்டார்கள், 6-ஆம் இடத்துக்குப் போனது.

ஆனால் எல்லாப் பாட்டையும் வெறுத்தார் என்பது சரியில்லை. வயதான பிறகு மேடைகளில் 'ஐ திங்க் ஐ லவ் யூ'வை மனசார, சிரித்துக்கொண்டே பாடினார். கேட்க வந்தவர்களுக்கு அந்தப் பாட்டு என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"கூட்டம் கூட்டம்னு சொல்றாங்களே, கொஞ்சம் ஊதிப் பெருசாக்குறாங்களோ?"

இல்லை. 1972-இல் ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் ஒரே நாளில் இரண்டு காட்சி, 56,000 பேர். அதே வருடம் மார்ச்சில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்குவேர் கார்டன் நிகழ்ச்சிக்கு ஒரே நாளில் டிக்கெட் தீர்ந்தது. 1973-இல் லண்டன் வெம்பிளியில் ஒரே வார இறுதியில் ஆறு காட்சிகள். லண்டன் ஹோட்டல்கள் இவரைத் தங்கவைக்கவே பயந்தன. ஒருமுறை தேம்ஸ் நதியில் நிறுத்திய படகில் தங்கினார். அப்போதும் பெண்பிள்ளைகள் தண்ணீரில் குதித்து நீந்தி வரப் பார்த்தார்கள்.

இதற்கெல்லாம் அவர் உடம்பு கொடுத்த விலை அதிகம். வாரநாட்களில் பகல் முழுக்கப் படப்பிடிப்பு, முடிந்ததும் இரவில் ஒலிப்பதிவு, வெள்ளி இரவு விமானம் ஏறி சனி, ஞாயிறில் வெளியூர்க் கச்சேரி, திங்கள் காலை மறுபடி படப்பிடிப்பு. 1971-இல் பித்தப்பை அறுவை சிகிச்சைக்காகப் படுத்தபோதுதான் ஓய்வு என்று ஒன்று கிடைத்தது. வெளியே தெருவில் நடக்க முடியாது, கடைக்குப் போக முடியாது.

"அப்ப கோடி கோடியா சம்பாதிச்சிருப்பாரே?"

அவர் முகம் சம்பாதித்தது. அவர் கைக்கு வந்தது வேறு. ஆரம்பத்தில் தொடருக்கு வாரம் 600 டாலர் சம்பளம். மேலே சொன்ன உணவுப் பெட்டி, பபுள்கம் அட்டை வியாபாரத்தில் கிட்டத்தட்ட எதுவும் வரவில்லை.

அவரைக் காப்பாற்றியது மேலாளர் ரூத் ஆரன்ஸ். 1930-களில் டேபிள் டென்னிஸ் உலகச் சாம்பியனாக இருந்த பெண்மணி, பிறகு கலைஞர்களின் மேலாளர் ஆனவர். டேவிடின் ஒப்பந்தத்தைப் புரட்டியவர் ஒன்றைக் கவனித்தார்: கையெழுத்துப் போட்டபோது டேவிடுக்கு 19 வயது. அன்றைய சட்டப்படி 21 ஆகாதவர் மைனர். ஆக ஒப்பந்தம் செல்லாது. அந்தப் பிடியை வைத்து நல்ல சம்பளத்தோடு புது ஒப்பந்தம் வாங்கினார். பொருட்கள் விற்ற லாபத்தில் பங்கு என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. அந்தப் பங்கு ஒழுங்காக வரவில்லை என்று 2011-இல், தொடரின் உரிமையை வைத்திருந்த சோனி நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். தொடர் தொடங்கி 41 வருடம் கழித்து! ஒரு மனிதன் தன் முகத்துக்கான கூலியைத் தாத்தா வயதில் கேட்டு அலைய வேண்டியிருந்தது. எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் இது.

"ரோலிங் ஸ்டோன் பத்திரிகைல ஆடையில்லாமப் போஸ் குடுத்தது அவரேதானா? எதுக்கு?"

அவரேதான். ராக் இசைக்கான அந்தப் பத்திரிகையின் 1972 மே இதழ். படம் எடுத்தவர் ஆனி லீபோவிட்ஸ். அட்டையில் மேல்பாதி உடம்பு மட்டும்தான் தெரியும். கூடவே வந்த கட்டுரையில் போதைப்பழக்கம், பெண்கள், இந்த வாழ்க்கை தந்த சலிப்பு எல்லாம் பட்டவர்த்தனமாக வந்தது. பால்முகப் பையன் என்ற பிம்பத்தை உடைத்துவிட்டு வெளியேற நினைத்தார். அப்போது அவருக்கு 22 வயது, ஊரோ அவரை 16 வயதிலேயே நிறுத்தி வைத்திருந்தது. பிள்ளைகளின் பெற்றோர் அதிர்ந்தார்கள், விளம்பரக்காரர்கள் கோபப்பட்டார்கள், ராக் ரசிகர்களும் அவரைத் தங்கள் ஆளாக ஏற்கவில்லை. இரண்டு பக்கமும் நஷ்டம். ஆனாலும் அந்த வயதில் அதைச் செய்ய ஒரு துணிச்சல் வேண்டும்.

"லண்டன் கச்சேரியில ஒரு பொண்ணு செத்துப் போனதாலதானே எல்லாத்தையும் விட்டார்?"

இதைப் பலர் இப்படித்தான் சொல்கிறார்கள். வரிசை கொஞ்சம் வேறு. கச்சேரிப் பயணங்களை நிறுத்திக்கொள்வது என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்து அறிவித்திருந்தார். 1974-இல் நடந்தது விடைபெறும் உலகப் பயணம். மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில்கூடப் பாடினார்.

மே 26 அன்று லண்டன் ஒயிட் சிட்டி மைதானம். மேடையை நோக்கிக் கூட்டம் முண்டியதில் முன்வரிசையில் இருந்தவர்கள் நசுங்கினார்கள். நூற்றுக்கணக்கானவர்களுக்குக் காயம். 14 வயதுச் சிறுமி ஒருத்தி நினைவு திரும்பாமலே நாலு நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தாள். அந்த மரணம் அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை. விலகும் முடிவு முன்னமே எடுத்தது. திரும்பி வர மனசே இல்லாமல் பல வருடம் மேடையை விட்டு ஒதுங்கி இருந்ததற்கு இந்தத் துயரம் ஒரு பெரிய காரணம்.

"24 வயசோட அவர் கதை முடிஞ்சுடுச்சுன்னு சொல்லலாமா?"

சொல்லக் கூடாது. இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான்.

1975-இல் ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்தில் புதிதாக ஒப்பந்தம் செய்து, பாடல்களைத் தானும் எழுதி, தயாரிப்பிலும் கைவைத்து ஆல்பங்கள் செய்தார். பீச் பாய்ஸ் குழுவின் புரூஸ் ஜான்ஸ்டன் எழுதிய 'ஐ ரைட் தி சாங்ஸ்' பாட்டை அவர் பாடி பிரிட்டனில் 11-ஆம் இடம் வந்தது. அடுத்து அதையே பேரி மானிலோ பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தார். இன்று அது மானிலோ பாட்டு என்றுதான் எல்லாருக்கும் தெரியும். இரண்டையும் கேளுங்கள், டேவிடின் பாட்டில் அலங்காரம் குறைவு, ஈரம் அதிகம்.

நடிப்பிலும் விடவில்லை. 1978-இல் 'போலீஸ் ஸ்டோரி' தொடரின் ஒரு அத்தியாயத்தில், பள்ளி மாணவனாக வேஷம் போட்டு உளவு பார்க்கும் போலீஸ்காரராக நடித்தார். தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அதை வைத்து என்பிசி தொலைக்காட்சி அவர் பெயரிலேயே ஒரு தொடர் தொடங்கியது, பத்து அத்தியாயம்தான் ஓடியது. 1985-இல் 'தி லாஸ்ட் கிஸ்' பிரிட்டனில் 6-ஆம் இடம். அதில் பின்னணியில் கேட்பது ஜார்ஜ் மைக்கேலின் குரல். 1987-இல் லண்டனில் 'டைம்' இசை நாடகத்தில் பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டின் இடத்தை எடுத்துக்கொண்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது 1993. பிராட்வேயில் 'பிளட் பிரதர்ஸ்' என்ற இசை நாடகம் மோசமான விமர்சனங்களோடு தள்ளாடிக்கொண்டிருந்தது. பிறந்ததும் பிரிக்கப்பட்டு, ஒன்று ஏழை வீட்டிலும் ஒன்று பணக்கார வீட்டிலும் வளரும் இரட்டையர் கதை. ஆகஸ்டில் டேவிடும் தம்பி ஷானும் இரட்டையர்களாகவும் பாடகி பெட்டுலா கிளார்க் தாயாகவும் உள்ளே வந்தார்கள். நாடகம் பிழைத்து 1995 வரை ஓடியது. வேறு வேறு வீட்டில் வளர்ந்த இரண்டு நிஜ சகோதரர்கள் அந்தக் கதையில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். 1996-இல் லாஸ் வேகாஸின் எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டலில் 'ஈஎஃப்எக்ஸ்' என்ற பிரம்மாண்ட நிகழ்ச்சியின் நாயகனாகச் சேர்ந்து பல வருடம் நடத்தினார். இவ்வளவும் செய்தவரை 24 வயதில் முடிந்தவர் என்று எப்படிச் சொல்வது?

"தம்பி ஷானும் டீன் ஐடல்தானே, ரெண்டு பேருக்கும் போட்டியோ?"

ஷான் 1977-இல் 'டா டூ ரான் ரான்' பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தார், 'ஹார்டி பாய்ஸ்' தொடரில் நடித்தார். ஆனால் அண்ணன் பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்தவர். சீக்கிரமே அந்த வெளிச்சத்திலிருந்து விலகி, தொலைக்காட்சித் தொடர் எழுதுபவராகவும் தயாரிப்பாளராகவும் ஆனார். ஒரே மேடையில் இரட்டையராக நின்றவர்களைப் போட்டியாளர்களாக எனக்குப் பார்க்கத் தோன்றவில்லை.

"கடைசியில டிமென்ஷியான்னாங்க, குடின்னாங்க. எது உண்மை?"

2017 பிப்ரவரியில், கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு கச்சேரியில் பாடல் வரிகள் தடுமாறின. தனக்கு மறதிநோய் என்றும் மேடையை விட்டு விலகுவதாகவும் அறிவித்தார். அவர் அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் அந்த நோய் இருந்தது, அதனால் எல்லாரும் நம்பினார்கள். அவர் இறந்த பிறகு 2018-இல் வெளியான ஆவணப்படத்தில் அவர் குரலிலேயே வேறு உண்மை வந்தது: இன்னும் குடிக்கிறேன், டிமென்ஷியாவுக்கான அறிகுறி இல்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள் என்று படத்தைத் தயாரித்தவரிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தார். கல்லீரல் செயலிழந்ததுதான் இறப்புக்குக் காரணம்.

அதற்கு முன்பே 2010, 2013, 2014 என்று குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காகக் கைதாகியிருந்தார். 2015-இல் திவால் மனு. அப்பா ஜாக் கேசிடியும் குடிநோயாளி. 1976 டிசம்பரில் கையில் சிகரெட்டோடு தூங்கிப்போய் வீடு தீப்பற்றி இறந்தார். டேவிடின் கடைசி வார்த்தைகள் "எவ்வளவு நேரம் வீணாகிவிட்டது" என்பதுதான் என்று மகள் கேட்டி கேசிடி எழுதினார். குடியை மறைக்க நோயைச் சொன்னார் என்று சிலர் ஏளனம் செய்தார்கள். குடிநோய் உள்ள வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த மறைப்பும் நோயின் ஒரு பகுதி என்று தெரியும். அவர் போன தேதியைப் பாருங்கள், நவம்பர் 21. அவருடைய ஒரே அமெரிக்க முதலிடப் பாட்டு 47 வருடம் முன்பு பட்டியலின் உச்சிக்கு வந்த அதே தேதி.

"சரி, கேட்டுப் பாக்கறேன். எதுலேர்ந்து ஆரம்பிக்கட்டும்?"

'ஐ திங்க் ஐ லவ் யூ'வில் ஆரம்பிக்காதீர்கள், அது எப்படியும் ஒருநாள் காதில் விழும். முதலில் 'ஐ வில் மீட் யூ ஹாஃப்வே' கேளுங்கள். மெதுவாகத் தொடங்கி குரல் மேலே ஏறும் இடத்தில், 20 வயதில் இவரால் என்ன முடிந்தது என்று தெரியும். பிடித்திருந்தால் பார்ட்ரிட்ஜ் ஃபேமிலியின் 1971 ஆல்பம் 'சவுண்ட் மேகசின்' முழுவதும் கேட்கலாம், அந்தக் குழுவின் பெயரில் வந்ததில் சிறந்தது அதுதான். அப்புறம் 'ஹவ் கேன் ஐ பி ஷ்யூர்'. கடைசியாக 'ஐ ரைட் தி சாங்ஸ்'. ஹெட்ஃபோன் போட்டு, இரவில் கேளுங்கள்.